வைகை அணைப் பறவைகளும் பேப்பரில் வரும் நீர்மட்டமும்

கேட்டது இதுதான்: மதுரையில் இருக்கிறீர்கள். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாக வாங்கிய பைனாகுலரோடு, குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வைகை அணைக்குப் போயிருக்கிறீர்கள். இரண்டு மணி நேரம் நின்றும் கண்ணில் பட்டது சில நீர்க்காகங்கள், நாலு கொக்கு, ஒரு பருந்து. "குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவை எல்லாம் வரும் என்கிறார்களே, அப்படியானால் எந்த மாதம்தான் போக வேண்டும்?"

நீங்கள் போன மாதத்தில் தப்பில்லை. நின்ற இடமும் அன்றைய நீர்மட்டமும்தான் காலை வாரிவிட்டன.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வைகை அணைக்குப் போகிற எல்லாரும் போவது பூங்காவுக்கும் அணைச் சுவருக்கும். ஊஞ்சல், பொரித்த மீன், சிறு பாலம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் அணையில் தண்ணீர் அதிக ஆழமாக இருப்பதும் அந்தச் சுவரை ஒட்டித்தான். ஆழமான தண்ணீரில் பறவைக்கு என்ன வேலை? மீனுக்கு முழுகத் தெரிந்த நீர்க்காகமும் முக்குளிப்பானும் அங்கே பிழைக்கும். மேலேயிருந்து பாய்ந்து மீன் பிடிக்கும் ஆலாவுக்கும் சரிப்படும். அதிர்ஷ்டம் இருந்தால் மீன்தின்னிக் கழுகான விராலடிப்பான் ஒன்று வந்து கால் இரண்டையும் நீட்டித் தண்ணீரில் விழுந்து மீனோடு எழும். அதை ஒருமுறை பார்த்துவிட்டால் போன பெட்ரோல் காசுக்கு ஈடாகிவிடும். மற்றபடி நடந்து இரை தேடும் கூட்டத்துக்கு அங்கே கால் ஊன்ற இடமே கிடையாது.

அந்தக் கூட்டம் இருப்பது எதிர்முனையில், ஆறு அணைக்குள் நுழைகிற பக்கம். ஓடி வரும் ஆறு தேங்கிய தண்ணீரில் மோதியதும் வேகம் இழக்கிறது, சுமந்து வந்த வண்டலை அங்கேயே இறக்கிவிடுகிறது. வருசநாட்டு மலையிலிருந்து மூல வைகை மழைக்காலத்தில் செம்மண் குழம்பாகத்தான் வரும். வருடக்கணக்காகப் படிந்த அந்த வண்டலால் உள்முனை முழுக்கத் தட்டையான சேறு. விவசாயிகளுக்கும் நீர்வளத்துறைக்கும் அது தலைவலி, அணையின் கொள்ளளவைத் தின்கிறது. பறவைக்கு அதுதான் சாப்பாட்டு இலை. ஆண்டிபட்டியிலிருந்து தேனி போகும் சாலையில் குன்னூர் ஆற்றுப்பாலம் பக்கம் நின்று பார்த்தால் நான் சொல்வது புரியும்.

இனி நீர்மட்டம். மதுரைப் பதிப்புப் பேப்பரில் ஒரு மூலையில் அணை நிலவரம் என்று தினமும் வரும். பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் முதலில் படிப்பதே அதைத்தான். அதில் மூன்று எண்கள் முக்கியம்: நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடியைத் தொட்டதும் கரையோர ஊர்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை கொடுப்பார்கள், 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அந்த எச்சரிக்கைச் செய்தி வந்துவிட்டால் நான் பறவை பார்க்க வண்டி எடுப்பதில்லை. உள்முனைச் சேறு எல்லாம் அப்போது தண்ணீருக்கு அடியில் போயிருக்கும். 50, 60 அடி வாக்கில் இருந்து, வரத்தைவிட வெளியேற்றம் கூடுதலாக இருந்தால் மட்டம் இறங்குகிறது என்று பொருள். அன்றைக்கே அலாரம் வைத்துப் படுத்துவிடுவேன்.

இறங்குகிற தண்ணீருக்கு என்ன விசேஷம் என்றால், தினமும் ஒரு புது விளிம்பு கிடைக்கிறது. நேற்றுவரை முழுகியிருந்த சேறு இன்று வெளியே வருகிறது. அதற்குள் புழு, நத்தை, பூச்சிகளின் இளம்புழு எல்லாம் உயிரோடு இருக்கும். பள்ளங்களில் சிறு மீன்கள் சிக்கிக்கொள்ளும். தண்ணீர் அசையாமல் ஒரே மட்டத்தில் இரண்டு வாரம் நின்றால் அந்த விளிம்பைக் கொத்தித் தீர்த்துவிடும், கூட்டமும் கலைந்துவிடும். ஏறுகிற தண்ணீரிலும் ஒரு வேடிக்கை உண்டு. காய்ந்த புல்தரையில் தண்ணீர் ஊர்ந்து ஏறும்போது பொந்துகளிலிருந்து வெட்டுக்கிளியும் சிள்வண்டும் உயிர்பிழைக்க வெளியே ஓடிவரும். உண்ணிக்கொக்குகளும் மடையான்களும் அந்த ஈரக்கோட்டை ஒட்டியே வரிசையாக நடந்து வரும், பந்தியில் இலைக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி.

ஆழத்தை அளக்க உங்களிடம் கோல் வேண்டியதில்லை. பறவையே கோல். குட்டைக் கால் கொசு உள்ளான் நிற்கிறது என்றால் அங்கே ஈரச்சேறு மட்டும்தான். கொஞ்சம் தள்ளிப் பொரி உள்ளானும் பச்சைக்காலியும் நின்றால் சில அங்குலம். சிவப்புக் குச்சிபோன்ற காலை வைத்துக்கொண்டு நெடுங்கால் உள்ளான் இறங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம். அதற்கு அப்பால் மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டுத் துழாவும். கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை, அலகில் மீன் பட்டதும் கவ்விக்கொள்ளும். கரண்டிவாயன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அரிவாள் வீசுவதுபோல அலகை வீசும். வாத்துகள் தலையைக் கீழே விட்டு வாலை மேலே தூக்கி நிற்கும் இடத்தில் கழுத்து எட்டுகிற ஆழம். ஊசிவால் வாத்துக்குக் கழுத்து நீளம் என்பதால் மற்ற வாத்துகளைவிட ஓரடி உள்ளே நிற்கும். நாமக்கோழி முங்கி முங்கி எழுகிற இடத்துக்கு வந்துவிட்டால் நடப்பவர்களின் எல்லை முடிந்தது. ஒரு நல்ல நாளில் இந்த வரிசை முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே பறவைக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர், புத்தகத்துக்குப் புத்தகம் வேறு பெயர். பவளக்காலி என்று ஒருவர் நெடுங்கால் உள்ளானைச் சொல்வார், இன்னொருவர் வேறு ஒன்றைச் சொல்வார். மஞ்சள் மூக்கு நாரையைப் பேப்பரில் வர்ண நாரை என்று எழுதுகிறார்கள். பரிசல்காரர்களுக்கோ உள்ளான் எல்லாமே உள்ளான்தான். சண்டை போட வேண்டாம், படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரி, மாதம் மாதமாக வருகிறேன். என் கணக்கில் அணையின் பறவை வருடம் தை மாதத்தில்தான் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வரத்து குறைந்து, பாசனத்துக்கும் மதுரைக் குடிநீருக்கும் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போது மட்டம் மெல்ல இறங்க ஆரம்பிக்கும். வந்து சேரவேண்டிய வலசைப் பறவைகள் அதற்குள் வந்து சேர்ந்திருக்கும். பொங்கல் விடுமுறையை ஒட்டித் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. கால் மணி நேரம் ஒரு இடத்தில் நின்று, பார்த்ததை எண்ணி, ஈபேர்ட் செயலியில் ஏற்றினால் போதும். வேறு தகுதி எதுவும் கேட்கமாட்டார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை; எண்ண ஆரம்பித்தால்தான் நாம் இதுவரை எவ்வளவு பார்க்காமல் விட்டிருக்கிறோம் என்பது தெரியும்.

அப்புறம் மாசி, பங்குனி. என்னைக் கேட்டால் வருடத்தின் உச்சம் இதுதான், டிசம்பர் அல்ல. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை சேறு அகலமாக விரிந்து கிடக்கும். சுற்றிலும் சிறு குளங்களும் ஊருணிகளும் வற்றிவிடுவதால், இதுவரை பத்துப் பதினைந்து இடங்களில் சிதறிக் கிடந்த கூட்டம் தண்ணீர் மிச்சமிருக்கும் பெரிய இடத்துக்கு வந்து சேரும். இன்னொரு காரணமும் உண்டு. நவம்பரில் வரும்போது உள்ளான்கள் எல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு ஒன்றுபோலவே இருக்கும், புதியவருக்கு வெறுத்துப்போகும். மார்ச், ஏப்ரலில் ஊர் திரும்பும் முன்னே கல்யாண உடை மாற்றிக்கொள்ளும். சிட்டுக்குருவி அளவே உள்ள கொசு உள்ளானின் மேனியில் செம்பழுப்பு ஏறும். இருபத்தைந்து, முப்பது கிராம் எடைதான் அது. அது முட்டையிடப் போவது வடதுருவத்தை ஒட்டிய தூந்திரப் பகுதிக்கு. மீசை ஆலாவின் வயிறு அடுப்புக்கரி நிறத்துக்கு மாறும். நீலச்சிறகி ஆணுக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம் திருநீற்றுக் கீற்றுபோல எடுப்பாகத் தெரியும். பெயர் கற்றுக்கொள்ள இந்த ஆறு வாரம் போதும்.

இந்தப் பருவத்தில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அனுபவத்தில் சொல்கிறேன். காய்ந்த வண்டல் மேலே வெடித்து, ஓடு ஓடாகக் கெட்டியாகத் தெரியும். அதன் மேல் தைரியமாக நடக்கலாம் என்று தோன்றும். ஒரு மார்ச் மாதக் காலையில் கரண்டிவாயன்களை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் பார்க்கும் ஆசையில் தண்ணீரை நோக்கிப் போனேன். முப்பது அடி வரை ஒன்றுமில்லை. அடுத்த அடியில் ஓடு உடைந்து வலது கால் முழங்காலுக்கு மேல் இறங்கிவிட்டது. இடது காலை ஊன்றி எடுக்கப் பார்த்தால் அதுவும் போயிற்று. ஸ்கோப் என்கிற பெரிய தொலைநோக்கியின் முக்காலியைப் படுக்கப் போட்டு அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு கிடந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தூரத்திலிருந்தே, "தம்பி, எந்திரிக்காதீக, அப்படியே படுத்தவாக்கில பின்னாடி நகந்து வாங்க"ன்னு சத்தம் போட்டார். சொன்னபடி தவழ்ந்து வந்தேன். ஒரு ஷூ இன்னும் வைகை அணைக்குள்தான் இருக்கிறது. "அங்கிட்டு ஆடே போகாது, நீங்க போறீகளே" என்றார் அவர். அன்றிலிருந்து எனக்கு அதுதான் விதி: ஆட்டின் குளம்படி எதுவரை இருக்கிறதோ அதுவரைதான் என் காலும்.

ஏப்ரல் கடைசியில் வந்தவர்கள் பெரும்பாலும் கிளம்பிவிடுவார்கள். மே மாதம் உள்ளூர்க்காரர்களின் மாதம். காய்ந்த அணைப் படுகையில் ஆள்காட்டிகள் முட்டையிட்டிருக்கும். கூடு என்று ஒன்றும் கிடையாது, வெறும் தரையில் கூழாங்கல் நிறத்தில் நாலு முட்டை. சிவப்பு மூக்கு ஆள்காட்டி தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்தினாலோ, உப்புக்கொத்தி சிறகு ஒடிந்ததுபோல நடித்துத் தரையில் இழுத்துக்கொண்டு போனாலோ, நீங்கள் கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். வந்த வழியே திரும்பிவிடுங்கள். படம் எடுக்க நின்றால் அந்தப் பத்து நிமிட வெயில் முட்டையை அவித்துவிடும். படுகைக்குள் பைக் ஓட்டுவதையும் தயவுசெய்து இந்த மாதங்களில் விட்டுவிடுங்கள்.

ஜூனில் ஒரு விநோதம் நடக்கும். மதுரையில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும், ஒரு சொட்டு மழை இருக்காது. ஆனால் அணை ஏறும். மழை பெய்வது மலைக்கு அந்தப் பக்கம். 1895 முதல் முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர் குடைந்த மலை வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்கி வைகையில் கலக்கிறது அல்லவா, அந்தத் தென்மேற்குப் பருவமழைத் தண்ணீர்தான் இது. தாமதமாக முட்டையிட்ட ஆள்காட்டிகளின் பாடு திண்டாட்டம். நமக்கும் அது நல்ல காலம் இல்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் அதைச் சிரிக்காமல் கேட்பார்கள். அங்கே காற்றாலை நட்டிருப்பது சும்மா இல்லை. முக்காலி ஆடும், கண்ணில் தண்ணீர் வரும், நீர்ப்பரப்பு முழுக்க அலை. ஜூலையில் நான் அணைக்குப் போவதில்லை. அந்த நேரத்தில் தண்ணீர் திறந்திருந்தால் வாடிப்பட்டி, சோழவந்தான் வயல்கள் பக்கம் போங்கள். உழுது தொளி அடிக்கும் டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்கும், நத்தை தேடி நத்தைகுத்தி நாரையும், அரிவாள் மூக்கனும் நடந்துவரும்.

வலசை டிசம்பரில் தொடங்குகிறது என்பது பலருக்கும் உள்ள எண்ணம். ஆகஸ்டு கடைசியிலேயே முதல் ஆட்கள் வந்துவிடுவார்கள். வாலை ஆட்டிக்கொண்டே கரையோரக் கல்லில் நடக்கும் உள்ளான், பொரி உள்ளான், சாம்பல் வாலாட்டி எல்லாம் நாம் ஆவணி முகூர்த்தங்களுக்கு அலைந்துகொண்டிருக்கும்போதே இங்கே இருக்கும். மே மாதம் இல்லாமல் போய் ஆகஸ்டில் திரும்பிவிட்டது என்றால், யோசித்துப் பாருங்கள், அது நம் ஊரில்தான் வருடத்தின் பெரும்பகுதியைக் கழிக்கிறது. அதை வெளிநாட்டுப் பறவை, விருந்தாளி என்று சொல்வது எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும். செப்டம்பரில் தகைவிலான்கள் மின்கம்பிகளில் வரிசையாக உட்கார ஆரம்பிக்கும். சோளம் பால்பிடிக்கும் காடுகளில் சூறைக்குருவிக் கூட்டம் இறங்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் அணை எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மழை பொய்த்த வருடத்தில் உள்முனைச் சேறு அப்படியே கிடந்து நவம்பரே அமர்க்களமாக இருக்கும். மழை கொட்டிய வருடத்தில் 69 அடியைத் தாண்டி, நீங்கள் டிசம்பரில் பார்த்த மாதிரி, கடல்போல வெறும் தண்ணீர் நிற்கும். அதனால்தான் மாதத்தைச் சொல்லத் தயங்குகிறேன்.

அணை நிறைந்துவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதில்லை. மதுரையைச் சுற்றிக் கண்மாய்கள் இருக்கின்றனவே. அணையில் மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டுவதை நான் பார்த்ததில்லை, காரணம் தண்ணீருக்குள் நிற்கும் மரங்கள் அங்கே இல்லை. கண்மாய்களில் சமூகக் காடுகள் திட்டத்தில் நட்ட நாட்டுக் கருவேல மரங்கள் உள்வாயில், அதாவது கரைக்கு எதிரே தண்ணீர் வந்து சேரும் பக்கம், நிற்கின்றன. சுற்றித் தண்ணீர் நின்றால் நாயும் கீரியும் மரத்தை நெருங்காது, அதனால் கூடு கட்ட வாகு. சாமநத்தம் கண்மாய்க்குப் போங்கள், ரிங் ரோட்டிலிருந்து பக்கம்தான். கூழைக்கடா, நாரை, கரண்டிவாயன் எல்லாம் நகரத்து வாசலிலேயே வந்து நிற்கிற இடம். சரணாலயமாக அறிவிக்கச் சொல்லிப் பல வருடங்களாகக் கோரிக்கை இருக்கிறது. கண்மாயிலும் அதே விதிதான். மடையும் கரையும் இருக்கும் பக்கம் ஆழம், உள்வாய்ப் பக்கம் ஆழம் குறைவு, பறவை உள்வாயில். கண்மாய் நிறைந்து மறுகால் பாயும் நேரத்தில் மட்டும், மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்குப் பக்கம் நில்லுங்கள், தண்ணீரோடு துள்ளி விழும் மீனுக்காக வக்காவும் கொக்கும் வரிசை கட்டி நிற்கும்.

கூடும் குஞ்சும் பார்க்க வேண்டுமென்றால் மேலூர் தாண்டித் திருப்பத்தூர் வழியில் வேட்டங்குடி. 1977-ல் சரணாலயமானது, மதுரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் வரும். மழை ஏமாற்றாத வருடத்தில் கார்த்திகையிலிருந்து மாசிவரை மரத்துக்கு மரம் கூடு இருக்கும். பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் குஞ்சுகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. பட்டைத்தலை வாத்து பார்க்க ஆசைப்பட்டால் வைகையில் காத்திருக்க வேண்டாம், ஜனவரியில் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்குப் போய்விடுங்கள்.

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மி.மீ.) என்றால் போதும். 10 மடங்கு வாங்கியிருந்தால் முழங்கையை எதிலாவது ஊன்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கை நடுக்கத்தையும் பத்து மடங்கு காட்டும். விடிந்து ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு சேற்றின் மேல் கானல் ஆட ஆரம்பித்து எல்லா உள்ளானும் நெளியும். காலையில் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை; சூரியன் உங்கள் முதுகில் அடிக்க வேண்டும். அணைச் சுவர் மேல் கேமராவோடு போக நினைத்தால் காவலில் இருப்பவர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். உள்முனையில் நாத்துப் போட்டிருந்தால் வரப்பிலேயே நடங்கள். பரிசல்காரர்களிடம் "அண்ணே, இன்னைக்குக் கூழைக்கடா எங்கிட்டு நிக்குது?" என்று கேட்டால் எந்தச் செயலியைவிடவும் சரியாகக் கை காட்டுவார்கள்.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாக எழுபது கிலோமீட்டர். காலை நாலரைக்குக் கிளம்பினால் வெளிச்சம் வரும்போது குன்னூர்ப் பக்கம் இருப்பீர்கள். ஒன்பது மணிக்கு மேல் குடும்பத்தைப் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள், பொரித்த மீனும் அப்போதுதான் சூடாகக் கிடைக்கும்.